சிறு செலவில் இல்லத்தைச் செப்பனிடுவோம்

கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பர் நம் முன்னோர். உடைக்குச் சொன்ன இம்மொழி உறைவிடத்துக்கும் பொருந்தும். புதிய வீடு கட்டுவதற்குப் பெரும்பொருள் வேண்டும். ஆனால், இருக்கும் வீட்டைக் காய்ந்த சுவரும், நல்ல வெளிச்சமும், பிள்ளை அமர்ந்து படிக்க ஓர் இடமும் உடையதாக ஆக்கிக்கொள்வதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. வார இறுதியில் கிடைக்கும் சில மணி நேரமும், கைப்பழக்கமும், எதை முன்னே செய்வது, எதைப் பின்னே செய்வது என்ற தெளிவும் இருந்தால் போதும்.

தோட்டத்தில் வேலை செய்யும் பெற்றோர்களுக்கு முழு ஓய்வு பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை ஒன்றே. அந்த ஒரு நாளில் சந்தைக்குப் போக வேண்டும்; துணி துவைக்க வேண்டும்; கோயிலுக்கும் உறவினர் வீட்டுக்கும் போக வேண்டும். எஞ்சும் நேரம் சிறிது. கையில் இருக்கும் வெள்ளியும் சிறிது. அவ்விரண்டையும் வீணாக்காமல் செலவிடும் வழியை இக்கட்டுரையில் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

தீபாவளி நெருங்கும்போது கடையில் வாங்கும் திரைச்சீலையும் நெகிழிப் பூங்கொத்தும் சில மாதங்களில் மங்கிவிடுகின்றன. ஈரம் ஊறும் சுவரும், இருண்ட மூலையும், பிள்ளை தரையில் குனிந்து எழுதும் நிலையுமோ அப்படியே இருக்கின்றன. ஆகவே, முதலில் குறையை நீக்குதல், அடுத்துப் பயன்படும் பொருளைச் செய்தல், கடைசியில் அழகு செய்தல் என்னும் வரிசையையே நாம் வற்புறுத்துகிறோம்.

முன்னோர் கைத்திறன்

கைவேலை நமக்குப் புதியதன்று. பழைய லயங்களில் ஒரு குடும்பத்திற்கு ஓர் அறையும், முன்னால் ஓர் அஞ்சடியும், சமைப்பதற்குச் சிறிது இடமுமே இருந்தன. அந்த இடத்திற்குள் நம் பாட்டன்மார் பலகை அடித்துத் திண்ணை அமைத்தனர். மண்ணெண்ணெய்த் தகரத்தை விரித்துக் கோழிக்கூண்டுக்குக் கூரையிட்டனர். மாவுப் பைத் துணியைத் துவைத்துத் தலையணை உறை தைத்தனர். பாட்டிமார் மண் அடுப்பை மெழுகி, வாசலில் கோலமிட்டு, அவ்வறையை இல்லமாக ஆக்கினர்.

நம் அண்டை அயலாரான மலாய்க்காரர்களின் கைத்திறனும் இங்கே நினைக்கத்தக்கது. பெர்னாம் ஆற்றின் முகத்துவாரத்திலும் சிலாங்கூர் ஆற்றின் கரையிலும் வளரும் நீப்பா மரத்தின் ஓலையை ஒரு குச்சியின்மேல் மடித்து, நார்கொண்டு தைத்து, அத்தாப்புக் கூரை செய்தனர். தாழம்புதர் போன்ற மெங்குவாங் செடியின் இலையை முள் நீக்கி, உலர்த்தி, சாயமேற்றிப் பாய் முடைந்தனர். கைக்கு எட்டும் தூரத்தில் கிடைப்பதைக்கொண்டு தேவையை நிறைவேற்றுவதே அவர்கள் கண்ட சிக்கனம்.

இதே கொள்கையைக் கட்டடக் கலையில் கடைப்பிடித்துப் புகழ்பெற்றவர் லாரி பேக்கர் என்னும் அறிஞர். 1917-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்த இவர், கேரளத்தில் வாழ்ந்து, 2007-ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் மறைந்தார். உள்ளூர்ப் பொருள்களைப் பயன்படுத்தி, வேண்டாதவற்றை விலக்கி, எளியோர்க்கு வீடுகள் கட்டித் தந்தார். செங்கல்லைக் குறுக்கு வாட்டில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்பும் முறையை அவர் பரவலாக்கினார். அம்முறையால் செங்கல் செலவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறையும். உள்ளிருக்கும் காற்று வெப்பத்தையும் தடுக்கும். சிக்கனமாகச் செய்வது தரம் குறைத்துச் செய்வதாகாது என்பதற்கு இது நல்ல சான்று.

முதல் வேலை: ஈரத்தின் காரணம் அறிதல்

நம் வட்டாரம் கடலோரத் தாழ்நிலம். களிமண் நீரை எளிதில் வடியவிடாது. மழைக்காலத்தில் வாய்க்கால் நிறைந்தால் சுவரின் அடிப்பகுதி ஈரம் காணும், சாயம் கொப்புளித்து உதிரும், கரும்பூஞ்சை படரும். அதன்மேல் புதுச் சாயம் பூசினால் அடுத்த மழையோடு அதுவும் உதிரும். செலவிட்ட வெள்ளியும் போகும், ஞாயிற்றுக்கிழமையும் போகும். பூஞ்சைத் தூள் இழைப்பு நோயுள்ள பிள்ளைகளுக்குத் தீங்கு செய்வதால், இதனை அழகுக் குறை என்று மட்டும் எண்ணிவிடலாகாது.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஓரடிச் சதுரமுள்ள தெளிவான நெகிழித் தாளைச் சுவரில் வைத்து, நான்கு விளிம்புகளையும் காற்றுப் புகாதபடி ஒட்டுநாடாவால் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உட்புறத்தில், அதாவது சுவரை ஒட்டிய பக்கத்தில், நீர்த்துளி கண்டால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்புறத்தில் கண்டால் அறையின் காற்றிலுள்ள ஈரமே சுவரில் படிகிறது. உயர்வகுப்பு மாணவர்கள் இச்சோதனையைத் தாங்களே செய்து குறிப்பெழுதலாம்.

சுவருக்குள்ளிருந்து ஈரம் வந்தால் வெளியே சென்று பார்க்க வேண்டும். கூரைநீர் விழும் இடத்தில் மண் குழிந்திருக்கிறதா? வாய்க்கால் இலைச்சருகால் அடைபட்டிருக்கிறதா? சுவரை ஒட்டி மண்ணும் விறகும் குவிந்திருக்கின்றனவா? குழாய் கசிகிறதா? இவற்றுள் பல, ஒரு மண்வெட்டியும் ஒரு காலைப் பொழுதும் கொண்டு சரிசெய்யத்தக்கவை. அறைக் காற்றே காரணமாயின், சன்னலைத் திறந்து வைத்தல், ஈரத் துணியை உள்ளே உலர்த்தாதிருத்தல், அலமாரிக்கும் சுவருக்கும் இடையே இரண்டு விரற்கடை இடைவெளி விடுதல் ஆகியவை போதும். இவற்றுக்கு ஒரு காசும் செலவில்லை.

சுண்ணாம்பின் பயன்

காரணம் நீங்கிச் சுவர் நன்கு காய்ந்தபின் வெள்ளையடிக்கலாம். பூச்சு இல்லாத சிமெண்டுச் சுவருக்கும் செங்கற் சுவருக்கும் சுண்ணாம்பே மலிவானது. அது சுவரை மூச்சுவிடச் செய்யும். அதாவது, உள்ளிருக்கும் சிறிதளவு ஈரம் ஆவியாகி வெளியேற இடங்கொடுக்கும். அதன் காரத்தன்மை பூஞ்சையை வளரவிடாது. பூசிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெல்ல ஈர்த்து, மீண்டும் சுண்ணாம்புக்கல்லாக இறுகுகிறது. நாள் ஆக ஆக அது கெட்டிப்படுவது இதனாலேயே.

நீற்றிய சுண்ணாம்புத் தூளை வாளியில் நீருடன் கலந்து ஓரிரவு ஊற வையுங்கள். மறுநாள் துணியில் வடிகட்டிப் பால் பதத்திற்கு நீர்க்கச் செய்யுங்கள். சுவரைத் துடைத்து, நீர் தெளித்து நனைத்தபின் மெல்லியதாகப் பூசுங்கள். ஒரே முறை தடிப்பாகப் பூசினால் வெடித்து உதிரும். ஒரு நாள் இடைவெளி விட்டு இரண்டு மூன்று முறை பூசுவதே முறை. பூசும்போது நீர்த்துத் தெரியும், காய்ந்தபின் வெளுக்கும். ஏற்கெனவே எண்ணெய்ச் சாயமோ நெகிழிச் சாயமோ பூசிய சுவரில் சுண்ணாம்பு ஒட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பெருந்தீங்கு நேரும். ஆகவே, கலக்குகிறவரும் பூசுகிறவரும் கண்ணாடியும் கையுறையும் அணிய வேண்டும். சிறுவர்களை அருகில் விடலாகாது. தப்பித் தவறிக் கண்ணில் பட்டுவிட்டால் ஓடும் நீரில் நெடுநேரம் கழுவி, உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

பிள்ளைக்கு ஒரு படிக்கும் மூலை

சுவர் காய்ந்தபின் செய்ய வேண்டிய முதற்பொருள் பிள்ளையின் மேசை. வீட்டில் அழகுக்கான இடம் பிறகு அமையட்டும். நாள்தோறும் ஒரு மணி நேரம் தரையில் குனிந்து எழுதும் பிள்ளைக்கு முதுகு வலிக்கிறது, கையெழுத்துக் கோணுகிறது, மனம் எழுந்து ஓடப் பார்க்கிறது. பாடத்தில் பின்தங்கும் மாணவருக்குச் சில வேளை புத்தி போதாமல் இல்லை. இடம் போதாமல் இருக்கிறது.

கடையில் விற்கும் பெரியவர் மேசை ஏறத்தாழ 75 சென்டிமீட்டர் உயரமுடையது. அது தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்குப் பொருந்தாது. 120 சென்டிமீட்டர் உயரமுள்ள பிள்ளைக்கு இருக்கை 31 முதல் 35 சென்டிமீட்டர், மேசை 53 முதல் 59 சென்டிமீட்டர் இருப்பது தகும். 145 சென்டிமீட்டர் உயரமுள்ள பிள்ளைக்கு இருக்கை 38, மேசை 64 சென்டிமீட்டர் இருக்கலாம். அளவு நாடா இல்லையெனினும் கவலையில்லை. பிள்ளையை அமரச் செய்யுங்கள். பாதங்கள் தரையில் முழுமையாகப் படிய வேண்டும். கையை மடக்கினால் முழங்கை இருக்கும் உயரமே மேசையின் உயரம்.

மரத்திற்கு எங்கே போவது? சரக்கு அடுக்கும் மரத்தட்டுகளைக் கடைக்காரர்களும் தொழிற்சாலையினரும் சில வேளை ஒதுக்கிவிடுவர். 'பாலெட்' என்று அவற்றை அழைப்பர். கேட்டு வாங்குமுன் அதன்மேல் பொறித்துள்ள முத்திரையைப் பாருங்கள். 'எச்.டி.' என்றிருந்தால் வெப்பத்தால் பூச்சி நீக்கப்பட்ட மரம், அதனைப் பயன்படுத்தலாம். 'எம்.பி.' என்றிருந்தால் நச்சுப் புகையிட்ட மரம். அதனை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். முத்திரை இருந்தும் எண்ணெயோ இரசாயனமோ சிந்திய கறை தெரிந்தால் அதனையும் விலக்குங்கள்.

இரப்பர் மரத்தைப் பற்றியும் ஒரு சொல். நம் முன்னோர் பால் வெட்டிய மரம், பால் வற்றியபின் முன்பெல்லாம் விறகாகவே எரிந்தது. அறுத்த பலகையைப் பூச்சியும் பூஞ்சையும் விரைவில் பற்றிக்கொள்ளும் என்பதே காரணம். போரான் உப்புக் கரைசலில் ஊறவைத்து, சூளையில் உலர்த்தும் முறை பரவியபின், 1980-களிலிருந்து அதே மரம் மலேசிய மரத்தளவாடத் தொழிலின் சிறந்த மூலப்பொருளாயிற்று. பதப்படுத்தாத இரப்பர்ப் பலகையில் மேசை செய்தால் நிலைக்காது என்பது இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

மேசையின் மூலைகள் நேராக இருக்கின்றனவா என்று பார்க்க மூலைமட்டம் இல்லாதவர்கள் கணக்கைத் துணைக்கொள்ளலாம். மூலையிலிருந்து ஒரு பக்கத்தில் 30 சென்டிமீட்டரும் மறுபக்கத்தில் 40 சென்டிமீட்டரும் அளந்து புள்ளி வையுங்கள். இரு புள்ளிகளுக்கும் இடையே சரியாக 50 சென்டிமீட்டர் இருந்தால் அம்மூலை செங்கோணம். பிதாகரசு கண்ட உண்மை பிள்ளையின் மேசைக்கடியில் உழைப்பதைப் பிள்ளையே பார்க்கட்டும். ஆணி அடிப்பதைவிடத் திருகாணி முடுக்குவது நல்லது. பின்னர்ப் பிரித்துக் கட்டலாம். விளிம்புகளை மணல்தாளால் தேய்த்து மழுக்க மறவாதீர்கள்.

மேசையைச் சன்னலுக்குப் பக்கவாட்டில் போடுங்கள். வலக்கையால் எழுதும் பிள்ளைக்கு ஒளி இடப்பக்கத்திலிருந்தும், இடக்கையால் எழுதும் பிள்ளைக்கு வலப்பக்கத்திலிருந்தும் வர வேண்டும். அப்போதுதான் கையின் நிழல் எழுத்தின்மேல் விழாது. சுவர் வெள்ளையாக இருந்தால் சிறு விளக்கின் ஒளியும் பரந்து தெரியும்.

செம்பனையும் தென்னையும் துணியும்

இனிக் கைவினைக்கு வருவோம். மலேசியாவில் வாணிக முறையில் செம்பனை முதன்முதலாக நடப்பட்டது நம் வட சிலாங்கூரிலேயே என்பது மாணவர்கள் அறிந்து பெருமைப்பட வேண்டிய செய்தி. கோலசிலாங்கூர் மாவட்டத்தில், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்த தெனாமாரம் தோட்டத்தில், 1917-ஆம் ஆண்டு ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் அதனைத் தொடங்கிவைத்தார். அவர் பின்னர் எழுதிய மலாயா பற்றிய நாவல் 1930-இல் பிரான்சின் கோன்கூர் இலக்கியப் பரிசைப் பெற்றது. அன்று தொடங்கிய செம்பனை இன்று நம்மைச் சூழ நிற்கிறது.

ஒரு செம்பனை மட்டையில் இருநூறுக்கு மேற்பட்ட ஈர்க்குகள் உண்டு. குலை வெட்டும்போது கழிக்கப்படும் மட்டைகளை நிரைகளுக்கிடையே அடுக்கி வைப்பது தோட்டத்தின் வழக்கம். அவை மக்கி மண்ணுக்கு உரமாகின்றன, ஈரத்தைக் காக்கின்றன. ஆகையால், நிர்வாகத்திடம் சொல்லி, வேண்டிய அளவே எடுக்க வேண்டும். அடிமட்டையில் முள் உண்டாதலால் பெரியவர்களே வெட்டித் தரட்டும். ஓலைப்பகுதியைக் கத்தியால் வழித்து நீக்கி, ஈர்க்கை இரண்டு மூன்று நாள் வெயிலில் உலர்த்தினால் துடைப்பம் கட்டலாம். உலருமுன் வளையும் பதத்திலேயே பின்னினால் பழத்தட்டும் சிறு கூடையும் செய்யலாம். முதலிற் கட்டும் துடைப்பம் தளரும், இரண்டாவது நிற்கும்.

சபாக் வட்டாரத்தில் தென்னைக்குக் குறைவில்லை. முற்றிய தேங்காயின் சிரட்டையை நீரில் ஊறவைத்து, நாரைச் சுரண்டி, மணல்தாளால் தேய்த்து, சிறிது தேங்காய் எண்ணெய் பூசினால் கருமை மின்னும். இரு துளையிட்டு மூங்கிற்பிடி செருகினால் அகப்பை; மூன்று துளையிட்டுக் கயிறு கட்டினால் தொங்கும் பூந்தொட்டி; அப்படியே வைத்தால் எழுதுகோற்குடுவை. தென்னங்குருத்தில் தோரணம் கட்டும் கலையை வீட்டிலுள்ள பெரியவர்களிடம் பிள்ளைகள் இப்போதே கற்றுக்கொள்ள வேண்டும். கற்றுக்கொடுப்பவர் இருக்கும்போதே கற்பது நலம்.

பழைய சேலையைத் தூக்கி எறியாதீர்கள். ஆறு கெஜச் சேலை ஒன்றில் இரண்டு சன்னல்களுக்குத் திரை தைக்கலாம். பருத்திச் சேலை காற்றை விடும். கண்கூசும் வெயிலை மட்டும் தடுக்கும். கிழிந்த துணிகளை இரண்டு விரல் அகல நாடாவாகக் கிழித்து, மூன்று மூன்றாகப் பின்னி, சுருளாகச் சுற்றித் தைத்தால் உறுதியான கால்மிதி கிடைக்கும். தையற்கடையில் மிஞ்சும் துண்டுகளை ஒட்டித் தைத்தால் மேசை விரிப்பு. நான்காம் ஆண்டு மாணவரும் ஊசிநூல் பிடித்துச் செய்யக்கூடிய வேலைகள் இவை. ஆண்பிள்ளைகளும் செய்யலாம். தையற்காரரும் ஆடவர்தாமே!

தொடக்கூடாதவை

சிக்கனம் என்ற பெயரால் ஆபத்தை வீட்டுக்குள் கொண்டுவரலாகாது. இப்பகுதியைப் பெற்றோர்கள் மிகக் கவனமாகப் படிக்க வேண்டுகிறோம்.

முதலாவது, களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் இருந்த தோம்புகளும் புட்டிகளும். அவை உறுதியானவை, மூடியுடையவை, இலவசமாகக் கிடைப்பவை. ஆதலின், நீர் பிடித்து வைக்கவும், செடி வைக்கவும், அரிசி கொட்டி வைக்கவும் மனம் தூண்டும். எத்தனை முறை சோப்பிட்டுக் கழுவினாலும் நெகிழிக்குள் ஊறிய நஞ்சு முழுமையாக நீங்காது. பாரகுவாட் என்னும் களைக்கொல்லியைச் சிறிதளவு விழுங்கினாலே உயிர் போகும். அதற்கு மாற்று மருந்து இல்லை. மலேசியாவில் 2020-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து அது தடைசெய்யப்பட்டது. ஆயினும், பழைய கலங்கள் எங்கேனும் மூலையில் கிடக்கலாம். வேறு மருந்துகளின் கலங்களும் உண்டு. அவற்றை மூன்று முறை அலசி, துளையிட்டு, மறுபடி பயன்படாதபடி செய்து ஒப்படைப்பதே முறை. அதனைப் பயிற்சி பெற்ற பணியாளர்கள் தோட்டத்து மருந்துக் கிடங்கில் செய்வர். வீட்டில் அக்கலம் ஒன்றுகூட இருக்கலாகாது.

இரண்டாவது, பழைய கூரைத் தகடுகள். பழைய கட்டடங்களின் சாம்பல்நிற நெளிதகடுகளில் பல ஆஸ்பெஸ்டாஸ் கலந்தவை. சும்மா இருக்கும்வரை பெரிதும் தீங்கில்லை. அறுத்தாலும், துளையிட்டாலும், கம்பித் தூரிகையால் தேய்த்தாலும் கண்ணுக்குத் தெரியாத இழைகள் பறக்கும். அவை நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படும். உடைந்த தகட்டைக் கொண்டு கோழிக்கூண்டு கட்டவும் வேண்டாம்.

மூன்றாவது, பழைய எண்ணெய்ச் சாயம். அதில் ஈயம் கலந்திருக்கக்கூடும். ஈயத்தூள் சிறுபிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். உலர்ந்த சாயத்தைத் தேய்க்காமல், நனைத்து மெல்லச் சுரண்டி, துகளை ஈரத்துணியால் துடைத்து அகற்றுங்கள். அவ்வேளையில் பிள்ளைகள் வெளியே விளையாடட்டும்.

நான்காவது, மின்சாரம். நம் வீட்டு மின்செருகி 13 ஆம்பியர் தாங்கும். 230 வோல்ட்டில் அது ஏறத்தாழ 3,000 வாட் ஆகும். நீர் கொதிகலம் 2,000 வாட், மின் இஸ்திரிப் பெட்டி 1,000 வாட் என்று கொண்டால், ஒரே நீட்டிப்புக் கம்பியில் இவ்விரண்டே எல்லையைத் தொட்டுவிடும். அதன்மேல் சோற்றுப் பானையையும் செருகினால் கம்பி சூடேறித் தீப்பிடிக்கும். புதிய கம்பி இழுப்பதும் விளக்குப் பொருத்துவதும் உரிமம் பெற்ற மின்பணியாளர் வேலை, ஓய்வுநாள் கைவேலையன்று.

ஐந்தாவது, பழைய டயர்களும் நீர் தேங்கும் தொட்டிகளும். டயரில் சாயம் பூசிப் பூச்செடி வைப்பது கண்ணுக்கு இனிது. ஆனால், அதன் உட்குழிவில் தேங்கும் மழைநீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாவதற்கு ஏழு முதல் பத்து நாள் போதும். நீர் வற்றினாலும் முட்டைகள் பல மாதம் உயிரோடிருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். டயரை வைத்தே ஆகவேண்டுமானால் அடியில் பல துளைகள் இட்டு, மண்ணால் முழுமையாக நிரப்புங்கள். வாரத்தில் பத்து நிமிடம் வீட்டைச் சுற்றி வந்து, தேங்கிய நீரைக் கொட்டி, கலத்தின் உட்புறத்தைத் தேய்த்துவிடுங்கள். இந்தப் பத்து நிமிடம் ஒரு குடும்பத்தை டெங்கிக் காய்ச்சலிலிருந்து காக்கக்கூடும்.

வீடு நமதில்லையே என்பார்க்கு

தோட்டத்து வீட்டில் குடியிருப்போர் சிலர், "வீடு கம்பெனியுடையது, வேலை முடிந்தால் விட்டுப் போக வேண்டியதுதான், அதில் ஏன் காசு போட வேண்டும்?" என்று கேட்பதுண்டு. இக்கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதற்கு மறுமொழி கூறாமல் இக்கட்டுரையை முடிப்பது தகாது.

தொழிலாளர் வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரத்தை வகுத்து 1966-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. அதற்கு மாற்றாக 1990-ஆம் ஆண்டில் வந்த 446-ஆம் சட்டம், தொழிலாளருக்கு வீடு தரும் முதலாளி அவ்வீட்டை நல்ல நிலையில் பராமரிக்க வேண்டும் என்று விதிக்கிறது. ஆகவே, கூரை ஒழுகுதல், தூண் அரித்தல், கழிவுநீர்க் குழாய் உடைதல் ஆகியவற்றை நம் பணத்தில் பழுதுபார்ப்பது நம் கடமையன்று. அவற்றை எழுத்து மூலம், தேதியிட்டு, நிர்வாகத்திற்குத் தெரிவிக்க வேண்டும். படி ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். எழுதத் தயங்கும் பெற்றோர்களுக்கு அவர்தம் பிள்ளைகள் எழுதித் தரலாம். பள்ளியில் கடிதம் எழுதக் கற்பிப்பது இதற்கும் சேர்த்தே. அனுமதியின்றிச் சுவரை இடிப்பதும் கூடுதலாக அறை கட்டுவதும் கூடாது என்பதையும் நாம் கருத்திற்கொள்ள வேண்டும்.

நாம் செய்யத்தக்கவை இருவகை. ஒன்று, கைவேலையால் ஆகும் தூய்மையும் வெள்ளையடிப்பும். இவற்றின் பயனைக் குடியிருக்கும்வரை நாமே நுகர்கிறோம். மற்றொன்று, போகும்போது எடுத்துச் செல்லத்தக்க பொருள்கள். திருகாணியால் இணைத்த மேசை, சுவரில் அறையாமல் தரையில் நிற்கும் அலமாரி, துணித்திரை, கூடை, பூந்தொட்டி ஆகியன அத்தகையன. வீடு மாறினாலும் இவை நம்முடன் வரும். தோட்டத்தை விட்டுத் தாமானுக்கோ, மலிவு விலை அடுக்குமாடிக்கோ குடிபெயரும் குடும்பங்கள், எல்லாவற்றையும் தவணைக்கு வாங்கிக் கடனாளியாவதை இது தடுக்கும்.

எல்லாவற்றிலும் எளிதாக எடுத்துச் செல்லத்தக்கது கைத்திறனே. 1937-ஆம் ஆண்டு வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வித் திட்டம், கைத்தொழிலைக் கல்வியின் நடுவே வைத்தது. அளக்கும்போது கணக்கும், பொருளைத் தெரிவு செய்யும்போது அறிவியலும், செய்த முறையை எழுதும்போது மொழியும் தாமே வந்து சேரும் என்பது அதன் கருத்து. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இதனை நாம் ஏட்டில் படித்தோம். தகப்பனாரோடு அமர்ந்து பலகை அளக்கும் பிள்ளை அதனைக் கையிலேயே படிக்கிறது.

நான்கு ஞாயிறுகள்

தொடங்குவோர்க்கு ஒரு சிறு திட்டம் கூறுவோம். முதல் ஞாயிறு, வீட்டைச் சுற்றி வந்து வாய்க்காலைத் தூர்வாருங்கள். சுவரில் நெகிழித் தாளை ஒட்டிவிடுங்கள். நிர்வாகம் செய்ய வேண்டியவற்றைப் பட்டியலிட்டு எழுதிக் கொடுங்கள். இரண்டாம் ஞாயிறு, படிக்கும் மூலையின் சுவரை மட்டும் துடைத்து வெள்ளையடியுங்கள். வீடு முழுவதையும் ஒரே நாளில் தொட வேண்டாம். அடுத்த பூச்சை வார நாளின் மாலையில் முடிக்கலாம். மூன்றாம் ஞாயிறு, மேசை. நான்காம் ஞாயிறு, பிள்ளைகளின் முறை: திரை, கால்மிதி, சிரட்டைக் குடுவை.

ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தில் மூன்று கட்டம் வரைந்து, வாங்கிய பொருள், கொடுத்த விலை, செலவான நேரம் ஆகியவற்றைப் பிள்ளையைக் கொண்டே எழுதச் செய்யுங்கள். பெரிய கருவிகளை ஒவ்வொருவரும் வாங்க வேண்டியதில்லை. இரம்பமும் துளைக்கருவியும் லயத்திற்கு ஒன்று இருந்தால் போதும். நான்கு குடும்பங்கள் பங்கிட்டு வாங்கினால் சுமை தெரியாது. ஒரு வீட்டு மேசைக்கு அடுத்த வீட்டார் பலகை பிடிப்பதே நாம் கோத்தோங் ரோயோங் என்று சொல்லும் கூட்டுப்பணி.

மாணவச் செல்வங்களே! விடுமுறை நாளில் உங்கள் பெற்றோர் வாளியை எடுத்தால் நீங்கள் தூரிகையை எடுங்கள். பெற்றோர்களே! பிள்ளை அடிக்கும் முதல் ஆணி வளைந்தால் சினவாதீர்கள். குறடு கொடுத்துப் பிடுங்கச் சொல்லி, மீண்டும் அடிக்கச் சொல்லுங்கள். ஆண்டிறுதிக்குள் இத்தோட்டத்தில் ஒவ்வொரு மாணவரின் வீட்டிலும், அவரவர் உயரத்திற்கேற்ற ஒரு மேசையும் அதன்மேல் நல்லொளியும் அமைய வேண்டும் என்பது நம் விருப்பம். அதனை நிறைவேற்றும் கைகள் உங்களிடமே உள்ளன.